இரண்டு சாண் வெளிச்சம்

சத்தம் போட்டிருந்தால் மன்னித்திருப்பேன்.
பழைய ஜாக்கி சத்தமே போடவில்லை.

கோட்டையூர். சித்திரை. ஞாயிறு பதினோரு மணி.
பதினாலாம் நம்பர் ஸ்பேனரோடு
என் ஜென் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.
சைலன்சர் கிளாம்ப் துருவேறி அடம் பிடித்தது.
காருக்கும் தரைக்கும் நடுவே
நீளவாக்கில் ஒரு வெளிச்சம்,
இரண்டு சாண்.
திரும்பிப் பார்த்தபோது ஒன்றே முக்கால்.
கண்ணில்தான் கோளாறு என்று
இன்னொரு மரை சுற்றினேன்.
ஒன்றரை.

உருண்டு வெளியே வந்தேன்.
துப்பட்டா நுனி மட்டும் வரவில்லை.
அதன்மேல் டயர்
விருந்துக்கு வந்தவரைப் போல நிதானமாக உட்கார்ந்தது.

செம்மண்ணில் ஒரு சொட்டு எண்ணெய்.
உள்ளே ஒரு வாஷர் தேய்ந்துபோனதற்கு
அவ்வளவுதான் சாட்சி.

"ரெண்டு செங்கல் வச்சா முடிஞ்சுது" என்றார்
பக்கத்து வீட்டு லேனா.
அவர் வீட்டுக் காரை அவர் தொட்டதே இல்லை.
செங்கலுக்கு வளையத் தெரியாது;
நேற்றுவரை தாங்கியதை
இன்று நொறுங்கித்தான் மறுக்கும்.

காரைக்குடி, சிக்கந்தர் கடை.
பையன் கொண்டுவந்து வைத்தது
மிட்டாய்ச் சிவப்பில் ஒரு ஜோடி ஸ்டாண்டு.
நெற்றியில் ஸ்டிக்கர்: மூன்று டன்.
"ஒண்ணுக்கா, ஜோடிக்கா?" என்றேன்.
சிக்கந்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
முதல்முறையாக அந்த ஸ்டிக்கரை வாசித்தார்.
ஜோடிக்கு.

வெல்டிங்கை நகத்தால் வருடினேன்.
ஒரு காலில் சீராக ஓடிய தையல்
இன்னொன்றில் குமிழ் குமிழாகத் திரண்டு
பெயின்டுக்குள் ஒளிந்திருந்தது.
பல்லில் கொக்கி பாதிதான் கடித்தது.
தரையில் வைத்தால் மூன்று கால் நின்றது,
நான்காவது யோசித்தது.
"கம்பெனி ஐட்டம்மா" என்றார்.
எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

முட்டுக் கொடுக்க ஊரில் ஆளா இல்லை?
யார் எதைச் செய்தாலும் ஓடிவந்து
முட்டுக் கொடுப்பார்கள்.
எனக்கு வேண்டியது
பேசாமல் நிற்கும் முட்டு.

பரணிலிருந்து இறங்கியது சாம்பல் நிற ஜோடி.
தூசி, கனம், அகலக் கால்.
கொக்கி முழுப் பல்லையும் கவ்வியது.
அதற்கு மேல் ஒரு பின்,
கொக்கி ஏமாற்றினால் அது பார்த்துக்கொள்ளும்.
விலை ஆயிரத்து இருநூறு கூடுதல்.
துப்பட்டாவை நினைத்துக்கொண்டு எண்ணிக் கொடுத்தேன்.
ஜாக்கியும் புதிது:
தாழ்வான உடம்பு, நான்கு இரும்புச் சக்கரம்.
தூக்க மட்டும் அது.
தூக்குவது ஒரு வேலை,
தாங்குவது வேறு வேலை;
இரண்டையும் ஒருவர் தலையில் கட்டிய வீட்டில்
என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

செம்மண்ணில் கால் புதையும்.
முனீஸ்வரன் கோவில் தெருவில்
பழஞ்சாமான் கடையில் நுழைந்தேன்.
பீங்கான் ஜாடி காட்டினார். ரவிவர்மா படம் காட்டினார்.
"பலகை" என்றேன். "இரண்டு அங்குல கனம்.
வேலைப்பாடு வேண்டாம்."
மாலைவரை அவர் முகம் தேறியிருக்காது.

அடுத்த ஞாயிறு.
ஹேண்ட் பிரேக். முதல் கியர்.
பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை.
பலகை மேல் ஜாக்கி, ஏற்றம்.
பலகை மேல் ஸ்டாண்டு, விளிம்புக்கு நடுவே
பழைய டயரில் வெட்டிய ரப்பர்.
ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கினேன்,
எடை கைமாறும் வரை.
இடுப்பால் காரை ஒரு இடி இடித்தேன்.
இன்னொன்று, கோபத்தோடு.
அசையவில்லை.
ஸ்டெப்னியையும் அடியில் தள்ளிவைத்தேன்.

வாசலில் நின்ற அடைக்கப்பன்,
என் கணவர்,
"ஒரு கிளாம்புக்கு இத்தனை சடங்கா?" என்றார்.
கிழிந்த துப்பட்டாவில்தான்
கை துடைத்துக்கொண்டிருந்தேன்.
அதைப் பார்த்தார். உள்ளே போய்
டார்ச் எடுத்து வந்தார்.

படுத்து, சாண் வைத்து அளந்தேன். இரண்டு.
அரைமணி கழித்து அளந்தேன். இரண்டு.
லேனா வீட்டுக் கோழி
அந்த வெளிச்சத்துக்குள் வந்து,
என் ஸ்பேனரை ஒரு கொத்து கொத்தி,
மறுபக்கம் போனது,
தலை குனியாமல்.